4 கோடி முதல். 100 கோடி வசூல்!

கதாநாயகன் புதுமுகம். கதாநாயகியும் புதுமுகம். பெரிய நட்சத்திரம் என்று படத்தில் ஒருவரும் இல்லை. செலவு சுமார் ரூ.4 கோடிதான். 2016 ஏப்ரல் 29-ந்தேதி வெளியான "சைராட்" என்ற மராத்திப் படம் ரூ.100 கோடிக்கு மேல் வசூலித்தது. அதுவரை எந்த மராத்திப் படமும் தொடாத தொகை அது!

டைரக்டர் நாகராஜ் மஞ்சுளே சோலாப்பூர் மாவட்டத்துக்காரர். சொந்த மண்ணிலேயே படப்பிடிப்பு நடத்தினார். நாயகி ரிங்கு ராஜ்குரு, அக்லூஜ் ஊர் பள்ளி மாணவி. நாயகன் ஆகாஷ் தோசருக்கும் இதுதான் முதல் படம்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்தவர்கள் இசையில் கஞ்சத்தனம் காட்டவில்லை. அஜய்-அதுல் சகோதரர்களின் பாடல்களுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் வரை போய் வாத்தியக் குழுவைப் பிடித்தார்கள். முகம் தெரியாதவர்களின் படத்துக்குக் கூட்டத்தை இழுத்துவர பாட்டை விட்டால் வேறு ஆள் ஏது? 1980-ல் "ஒரு தலை ராகம்" ஓடியதும் இப்படித்தானே!

ஜீ நிறுவனம் தயாரிப்பில் கைகோர்த்தது பெரிய பலம். வட்டிக்கு வாங்கிப் படம் எடுக்கும் தனி மனிதருக்கு அந்த வசதி ஏது? தியேட்டர் கிடைக்காமல் பெட்டி தூங்கும், வட்டி தூங்காது.

ரசிகர் கூட்டம் மொய்த்ததால் ரிங்குவால் வழக்கம்போல் பள்ளிக்குப் போக முடியவில்லை. 2017-ல் 10-ம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதினார். அதே ஆண்டு கன்னடத்தில் "மனசு மல்லிகே" ஆனபோதும் அவரே நாயகி.

2018-ல் இந்திக்காரர்கள் பல மடங்கு செலவில் "தடக்" என்று எடுத்தார்கள். அதிலும் நாயகி புதுமுகம்தான். ஆனால், ஸ்ரீதேவியின் மகள்!