கோடு மூணு, வேகம் நாலு!

போன மாதம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, வாய் திறந்தபடி, ஒரு கண் மூடியபடி நான் உறைந்து போனேன். லேப்டாப் திரையில் எதிரே மூன்று மேலதிகாரிகள். டீம் லீடர் பதவிக்கு இன்டர்வியூ! ‘‘உங்க பலம் என்ன?’’ என்று கேட்டிருக்கிறார்கள். ‘‘உங்க ப...ன?’’ என்றுதான் காதில் விழுந்தது. ‘‘இல்லை சார்’’ என்றேன்.

இத்தனைக்கும் வைஃபை கோடு மூன்றும் ஃபுல். ரூட்டர் சுவருக்கு அந்தப் பக்கம் ஹாலில்தான் இருக்கிறது. நல்லவேளை, இன்டர்வியூவை மறுவாரம் தள்ளி வைத்தார்கள்.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.

‘‘சிக்னல் ஃபுல்லா இருக்கா சார்?’’

‘‘இருக்கு.’’

‘‘அப்ப எங்க சைடுல பிராப்ளம் இல்ல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.’’

அதை நான் பதினோரு தடவை செய்து முடித்திருந்தேன்!

நெட்வொர்க் வேலை பார்க்கும் நண்பன் வந்தான். ‘‘டேய், கோட்டை எண்ணாதே. கேபிளைச் செருகு’’ என்றான். அதே ராத்திரி எட்டு மணி. கேபிளில் 94 எம்.பி.பி.எஸ்.; வைஃபையில் 4. நான் வாங்கியது 100 பிளான். ஆக, லைன்காரர் மேல் தப்பில்லை. வில்லன் காற்றில் இருக்கிறான்!

கோடு சொல்வது, ரூட்டரின் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்பதை மட்டும்தான். கல்யாண மண்டபத்தில் பக்கத்து நாற்காலி மாமா கத்துவது சத்தமாகத்தான் கேட்கும். மேளச் சத்தத்தில் அவர் என்ன சொன்னார் என்பது யாருக்குத் தெரியும்?

போனில் ஒரு ஆப் போட்டுப் பார்த்தால், எங்கள் அபார்ட்மென்ட்டில் 19 ரூட்டர்கள்! எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில். புளூடூத்தும் அங்கேதான். மாடி வீட்டு மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். ராத்திரி எட்டு மணிக்குத்தானே குழம்பு சூடாகும்?

‘‘3-ம் சானல் காலியா இருக்கே!’’ என்று புத்திசாலித்தனமாக மாற்றினேன். வேகம் 2 ஆனது. நண்பன் தலையில் அடித்துக் கொண்டான். சானலுக்குச் சானல் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ். ஒரு ரூட்டருக்கு வேண்டிய இடமோ 20. அதனால் ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 மட்டுமே. ஒரே சானல்காரர்கள் கியூவில் நின்று, ஒருவர் முடித்ததும் அடுத்தவர் பேசுவார்கள். பக்கத்து சானலில் போய் உட்கார்ந்தவன் கியூவே புரியாமல் நடுவில் கத்துகிறவன். நான் இரண்டு கியூவுக்கும் நடுவில் கத்திக் கொண்டிருந்தேன்!

கடைசியில் ரூட்டரில் தூங்கிக் கொண்டிருந்த 5 கிகாஹெர்ட்ஸை எழுப்பினோம். அங்கே சானல்கள் அதிகம், கூட்டம் குறைவு. ஒரே குறை, சுவரைத் தாண்டுவதற்குள் களைத்து விடும். என் ரூமில் ஒரு கோடு குறைந்து போனது. வேகம்? 80!

மறு வியாழன் என் பலத்தை முழுசாகச் சொன்னேன். பதவி வந்தது, சம்பளம் அடுத்த வருஷமாம்.

அம்மா மட்டும் இன்னும் என் லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: ‘‘ரெண்டு கோடுதான்டா இருக்கு. கம்பெனிக்காரனுக்குப் போன் பண்ணேன்!’’