பொருளாதார மந்தநிலையிலிருந்து நகரங்கள் மீளும் விதம்

ஒரு நாட்டின் உற்பத்தி, வேலைவாய்ப்பு, வருமானம் ஆகியவை பல மாதங்கள் தொடர்ந்து சுருங்கும் காலமே பொருளாதார மந்தநிலை ஆகும். பாடநூல்கள் இதைப் பெரும்பாலும் நாட்டளவில்தான் விளக்குகின்றன. ஆனால் மந்தநிலை எல்லா ஊர்களையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. நாடு மீண்டுவிட்டது என்று அறிவிக்கப்படும் நாளில் எல்லா ஊர்களும் மீண்டிருப்பதும் இல்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க், டெட்ராய்ட், ஸ்பெயினின் பில்பாவோ என்னும் மூன்று தொழில் நகரங்களைக் கொண்டு இதனை இங்கே பார்க்கலாம்.

நாட்டின் கையிருப்பும் நகரத்தின் கையிருப்பும்

மந்தநிலை வந்தால் மைய வங்கி வட்டியைக் குறைக்கலாம். நடுவண் அரசு கடன் வாங்கிச் செலவைக் கூட்டலாம். நகராட்சியால் பணம் அச்சிடவோ வட்டி விகிதத்தை மாற்றவோ முடியாது. அதன் கையில் இருப்பவை சொத்து வரி போன்ற சில வருவாய்கள் மட்டுமே. ஆலை மூடினால் அந்த வரி குறைகிறது. வேலை தேடி மக்கள் வெளியேறினால் மேலும் குறைகிறது. செலவோ அதே அளவில் குறையாது. பத்து வீடுகள் இருந்த தெருவில் நான்கு வீடுகளில் மட்டுமே ஆள் இருந்தாலும், குடிநீர்க் குழாயை முழு நீளத்துக்கும் பராமரித்தாக வேண்டும். தெருவிளக்கையும் பாதித் தெருவோடு நிறுத்த முடியாது. மூன்று நகரங்களின் கதையையும் புரிந்துகொள்ள இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பிட்ஸ்பர்க்

எஃகு நகரம் என்று பெயர் பெற்ற ஊர் இது. விலைவாசி உயர்வைக் கட்டுப்படுத்த அமெரிக்க மைய வங்கி வட்டியைக் கடுமையாக உயர்த்தியதைத் தொடர்ந்து 1981 ஜூலையில் மந்தநிலை தொடங்கியது. நாட்டளவில் அது 1982 நவம்பரில் முடிந்துவிட்டது. ஆனால் 1983 ஜனவரியில் பிட்ஸ்பர்க் வட்டாரத்தின் வேலையின்மை 17 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. நகரை ஒட்டிய ஹோம்ஸ்டெட் எஃகாலை மூடப்பட்டதோ 1986இல்தான். நாடு மீண்ட பிறகே இந்த வட்டாரத்துக்குப் பெரிய அடி விழுந்தது. வட்டி இறங்கியபோதும் பழைய ஆலைகளுக்கு வேலை திரும்பவில்லை. வெளிநாட்டு எஃகும் புதிய தொழில்நுட்பமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. இளைஞர்கள் பெருந்தொகையாக வெளியேறினர்.

பின்னர் நகரைத் தாங்கியவை, எஃகுக் காலத்திலேயே அங்கு வேரூன்றியிருந்த பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும். எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1900இல் தொடங்கிய தொழிற்பள்ளியே இன்றைய கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்துக்கு மூலம். அங்கே 1979இல், அதாவது ஆலைகள் மூடப்படுவதற்கு முன்பே, ரோபோ ஆய்வு நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டுவிட்டது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனைகள் 1980களில் உறுப்பு மாற்று அறுவையில் பெயர் பெற்றன. எஃகு நிறுவனம் கட்டிய 64 மாடிக் கட்டடத்தின் உச்சியில் 2008 முதல் மருத்துவமனைக் குழுமத்தின் பெயர் மின்னுகிறது. 2009இல் ஜி-20 மாநாடு இங்கே நடந்தபோது, மீட்சிக்கு எடுத்துக்காட்டாக உலகமே இந்நகரைப் பேசியது.

ஆனால் அதே காலத்தில் மாநகராட்சியின் பணப்பெட்டி காலியாக இருந்தது. நிதி நெருக்கடிக்கு உள்ளான நகரம் என்று 2003 டிசம்பரில் மாநில அரசால் அறிவிக்கப்பட்ட பிட்ஸ்பர்க், 2018இல்தான் அந்தக் கண்காணிப்பிலிருந்து விடுபட்டது. முக்கியக் காரணங்களுள் ஒன்று எளிமையானது. எஃகாலை சொத்து வரி கட்டியது. இலாப நோக்கற்றவை என்பதால் பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அவ்வரியில் பெரும்பகுதி விலக்கு உண்டு. 1950இல் 6.76 இலட்சமாக இருந்த நகர மக்கள்தொகை 2020இல் சுமார் 3 இலட்சம். ஹோம்ஸ்டெட் ஆலை இருந்த இடத்தில் இன்று கடைவளாகம் இருக்கிறது. பழைய புகைபோக்கிகள் பன்னிரண்டு மட்டும் வரிசையாக நிற்கின்றன.

பில்பாவோ

கப்பல் கட்டுதலும் இரும்பும் சரிந்து, 1980களில் பில்பாவோவில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1997இல் திறக்கப்பட்ட குகன்ஹைம் அருங்காட்சியகம் நகரை மீட்டது என்று பலரும் எழுதுவர். அது பாதி உண்மையே. அதற்கு முன்பே ஆற்றின் கழிவைச் சுத்திகரிக்கும் பணி தொடங்கியிருந்தது. 1995இல் மெட்ரோ ஓடியது. துறைமுகம் கடல்முகத்தை நோக்கி நகர்த்தப்பட்டது. 1992இல் நடுவண் அரசும் பாஸ்க் வட்டார அமைப்புகளும் சம பங்காக ஒரு நிறுவனத்தை அமைத்தன. துறைமுகமும் ரயில்வேயும் கைவிட்ட நிலத்தைச் சீராக்கி விற்று, அந்தப் பணத்தை நகரப் பணிகளுக்கே அது செலவிட்டது. பாஸ்க் பகுதி தன் வரியைத் தானே வசூலிக்கும் உரிமை பெற்றது என்பதையும் மறக்கலாகாது. அருங்காட்சியகம் மட்டும் கட்டிவிட்டுப் பயணிகளுக்காகக் காத்திருந்த வேறு பல நகரங்களுக்கு இந்த வசதிகள் இருக்கவில்லை.

டெட்ராய்ட்

மோட்டார் வாகன நகரமான டெட்ராய்ட்டில் 1950இல் 18.5 இலட்சம் பேர் வாழ்ந்தனர். 2010இல் சுமார் 7.14 இலட்சம். மேலே சொன்ன குழாய்க் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். 2008 நெருக்கடியில் தடுமாறிய ஜெனரல் மோட்டார்ஸையும் கிரைஸ்லரையும் 2009இல் நடுவண் அரசு பணம் கொடுத்துக் காப்பாற்றியது. நகரத்துக்கு அப்படி யாரும் வரவில்லை. 2013 ஜூலை 18 அன்று, ஏறத்தாழ 1,800 கோடி டாலர் கடனுடன் டெட்ராய்ட் திவால் மனு கொடுத்தது. அமெரிக்க நகராட்சி வரலாற்றில் அதுவே மிகப் பெரியது. அப்போது தெருவிளக்குகளில் ஏறக்குறைய 40 விழுக்காடு எரியவில்லை.

கடன்காரர்கள் நகர அருங்காட்சியகத்தின் ஓவியங்களை விற்கச் சொன்னார்கள். மறுபுறம், நகரத்துக்கு உழைத்து ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியமும் ஆபத்தில் இருந்தது. அறக்கட்டளைகள், மாநில அரசு, அருங்காட்சியகம் ஆகிய மூன்றும் சேர்ந்து 80 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டதால் ஓவியங்கள் தப்பின. ஓய்வூதியமும் பெருவெட்டிலிருந்து தப்பியது. ஆயினும் பொது ஊழியர்களுக்கு மாத ஓய்வூதியத்தில் 4.5 விழுக்காடு குறைந்தது, விலைவாசிக்கேற்ற உயர்வு நின்றது, மருத்துவச் சலுகையும் சுருங்கியது. ஓய்வூதியர்கள் பெரும்பான்மையாக வாக்களித்து இதை ஏற்றனர். மறுத்தால் வெட்டு இன்னும் பெரிதாக இருந்திருக்கும். ஓய்வூதியத்தில் வாழும் என் போன்றவர்களுக்கு, மீட்சியின் விலையை யார் கொடுத்தார்கள் என்பது இந்த இடத்தில் தெளிவாகவே தெரிகிறது.

2014 டிசம்பரில் நகரம் திவாலிலிருந்து வெளியே வந்தது. 2016 முடிவுக்குள் சுமார் 65,000 புதிய விளக்குகள் பொருத்தப்பட்டன. 1957க்குப் பிறகு முதன்முறையாக 2023இல் மக்கள்தொகை கூடியதாக மதிப்பிடப்பட்டது. 1988இல் மூடப்பட்டுப் பாழடைந்து கிடந்த மிச்சிகன் மத்திய ரயில் நிலையத்தை ஃபோர்டு நிறுவனம் 2018இல் வாங்கிப் புதுப்பித்து, 2024 ஜூனில் திறந்தது. திறந்தபோது அங்கு ரயில் எதுவும் வரவில்லை. பயணிகள் காத்திருந்த கட்டடத்தில் தொழில்நுட்ப அலுவலகங்கள் குடியேறத் தொடங்கின.