ஆபரேஷன் முடிஞ்சாச்சு... ஆபத்து முடிஞ்சுதா?

'ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது!' டாக்டர் இப்படிச் சொன்னதும் குடும்பமே 'அப்பாடா' என்று மூச்சு விடும். ஆனால், மூளை ரத்தக்குழாய் வெடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் விஷயத்தில் அந்த நிம்மதியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அடுத்த இரண்டு வாரமும் கண்டம்தான்!

என்ன நடக்கிறது?

பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் மட்டும் புடைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலருக்கு மூளை ரத்தக்குழாயிலும் அப்படியொரு புடைப்பு உண்டு. 'அன்யூரிஸம்' என்பார்கள். அது வெடித்தால், வாழ்நாளில் கண்டிராத தலைவலி சட்டென்று மண்டையைப் பிளக்கும். வாந்தி, மயக்கம் வரலாம். தைலம் தேய்த்துப் படுக்க வைக்கிற தலைவலி அல்ல இது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மண்டையைத் திறந்து கிளிப் போட்டோ, தொடை இடுக்கு வழியாகக் குழாய் செலுத்தி மெல்லிய கம்பிச் சுருள் வைத்தோ புடைப்பை அடைத்துவிடுவார்கள். மறுபடி வெடிக்கும் பயம் பெருமளவு தீர்ந்தது. ஆனால், ஏற்கெனவே கசிந்த ரத்தம் மூளையைச் சுற்றித் தேங்கி நிற்கிறதே! அது சிதையும்போது அங்குள்ள ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. கடைமடை வயல் தண்ணீரில்லாமல் வாடுவது மாதிரி, மூளையின் ஒரு பகுதி ரத்தமில்லாமல் வாடுகிறது. சீக்கிரம் கவனித்தால் மீட்கலாம். விட்டால் பக்கவாதம், பேச்சிழப்பு, உயிருக்கே ஆபத்து!

வெடித்த 3, 4-ம் நாளில் ஆரம்பித்து, 7 முதல் 10-ம் நாள்வாக்கில் உச்சத்துக்குப் போய், 14-ம் நாளுக்கு மேல் மெல்ல அடங்கும். சுமார் 10-ல் 3 பேருக்கு இந்தத் தாமத பாதிப்பு வருகிறது.

'உங்க பேர் என்ன?'

நடுராத்திரியில் நோயாளியை எழுப்பி நர்ஸ் பெயர் கேட்பார். 'பாவம், தூங்க விடக்கூடாதா?' என்று உங்களுக்குக் கோபம் வரும். கோபப்படாதீர்கள்!

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் நடித்த எமிலியா கிளார்க்குக்கு 2011-ல், 24 வயதில், லண்டனில் இதே போல ரத்தக்குழாய் வெடித்தது. சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் தாண்டிய ஒரு ராத்திரி, நர்ஸ் பெயர் கேட்டபோது அவருக்குத் தன் பெயரே வரவில்லை. அர்த்தமில்லாத சொற்கள்தான் வந்தன. மறுபடி ஐ.சி.யூ.! ஏறக்குறைய ஒரு வாரத்தில் பேச்சு திரும்பியது. 2019-ல் அவரே இதை எழுதினார்.

கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றுக்கும் சேர்த்து 15 மார்க். 2 மார்க் குறைந்து ஒரு மணி நேரம் அப்படியே இருந்தாலே டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். நெற்றிப்பொட்டில் வைக்கும் டாப்ளர் கருவி, ரத்தம் ஓடும் வேகத்தைக் காட்டும். ஹோஸ் பைப் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுமே, அதுபோல குழாய் சுருங்கினால் வேகம் கூடும். மயக்கத்தில் இருப்பவரிடம் கேள்வி கேட்க முடியாது. அவருக்கு இந்தக் கருவியும் ஸ்கேனும்தான் கண்.

தடுக்க முடியுமா?

'நிமோடிபின்' என்ற மாத்திரை இருக்கிறது. 1989-ல் பிரிட்டனில் 554 பேரிடம் சோதித்தார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களில் 100-க்கு 33 பேருக்கு மூளைத் திசு பாதிப்பு. சாப்பிட்டவர்களில் 22 பேருக்குத்தான். வழக்கமாக 4 மணிக்கொரு தரம், 21 நாள்.

ஒரு காலத்தில் சலைனை ஏராளமாக ஏற்றினார்கள். இப்போது உடம்பில் நீர் குறையாமலும் மிஞ்சாமலும் பார்த்துக்கொள்கிறார்கள். பாதிப்பு தொடங்கிவிட்டால், ரத்தம் எட்டுவதற்காக டாக்டரே பி.பி.யை ஏற்றி வைப்பதுண்டு. பதறாதீர்கள்! அதற்கும் மசியாவிட்டால், ரத்தக்குழாயை உள்ளிருந்தே பலூனால் விரிப்பார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* பேச்சு குழறுகிறதா? வாய் கோணுகிறதா? ஒரு கை சோர்கிறதா? வழக்கத்தைவிட அதிகத் தூக்கமா? 'அசதிதான்' என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

* டிஸ்சார்ஜ் ஆனாலும் 21 நாள் மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள். ராத்திரி அலாரம் வைத்து எழுப்பிக் கொடுங்கள்.

* பழைய பி.பி. மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

* சிகரெட்டுக்கு முழுக்குப் போடச் சொல்லுங்கள்.

அவர் பேசும் தினுசு உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த மெஷினுக்கும் தெரியாது. 'ஏதோ மாறியிருக்கே' என்று மனசில் பட்டால், தயங்காமல் சொல்லிவிடுங்கள்!