நோம்பி சாட்டிய ஊர்

கொங்கு நாட்டுப் பேச்சில் திருவிழாவுக்குப் பெயர் நோம்பி. உக்கடம் பேருந்து நிலையத்தில் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் பழனிக்கும் வண்டி பார்த்து நிற்பவர்கள், "ஊர்ல நோம்பி சாட்டிட்டாங்க, ராத்திரிக்குள்ள போய்ச் சேரோணுங்க" என்று பேசிக்கொள்வது மாசி, பங்குனி, சித்திரையில் புதிதல்ல. நோன்புதான் நாவில் நோம்பியாகியிருக்கிறது. சாட்டுதல் என்றால் ஊரறியச் சொல்வது. அம்மனுக்குப் பூச்சாட்டியதும் ஊர் ஒரு கட்டுக்குள் வந்துவிடும். அதன்பின் புதிதாக நல்ல காரியம் எதையும் தொடங்குவதில்லை. பல ஊர்களில் வெளியூரில் இரவு தங்கவும் கூடாது. பொங்கல் வைத்து மஞ்சள் நீராடி முடிய எட்டு நாளாகும், பதினைந்து நாளாகும், சில ஊர்களில் அதற்கு மேலும் ஆகும். கொங்கின் கலைகளை வளர்த்தது இந்தக் கட்டுதான் என்பது என் துணிபு. கலை அழிகிறது என்று வருந்துபவர்கள் கலைஞர்களை எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ண வேண்டியது நாட்களை.

மாரியம்மன் கோயில் முன் நடும் கம்பத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று கிளையாகப் பிரிந்த ஒரு மரத்துண்டைப் பட்டை சீவி, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி நடுகிறார்கள். விடியலில் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து அதற்கு ஊற்றுகிறார்கள். இரவில் தப்பட்டையும் உருமியும் பம்பையும் முழங்க, ஆண்கள் அதைச் சுற்றி ஆடுகிறார்கள். வட்டத்தின் முன்பக்கம் அடி தெரிந்தவர்கள், வால்பக்கம் பொடியன்கள். முதல் இரவில் வால் தாளத்துக்குப் பின்னால் இழுபடும். ஐந்தாம் இரவில் கால் கொஞ்சம் பிடிபடும். கம்பம் பிடுங்கும் நாளில் யார் புதியவர் என்று சொல்வது கடினம். இதற்கு யாரும் பயிற்சி என்று பெயர் வைக்கவில்லை, கட்டணமும் இல்லை. ஆனாலும் ஊருக்கு ஆண்டுதோறும் நாலு ஆட்டக்காரர் கூடிவிடுகிறார்கள். பத்து நாள் ஆட்டத்தை ஒரே மாலையில் அடக்கினால் பார்ப்பவர்களுக்குக் குறை தெரியாது. வால்பக்கத்துப் பையனுக்குத்தான் எதுவும் கிடைக்காது.

அண்ணன்மார் கதைக்கு நேர்ந்தது இதற்குத் தக்க சான்று. பொன்னர், சங்கர், தங்கை அருக்காணித் தங்காள் கதையை உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடுவார்கள். கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி அதை ஒலிப்பதிவு செய்தபோது, பாடி முடிக்கப் பதினெட்டு இரவுகள் பிடித்தன. அவர் அதை ஆராய்ந்து எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. கலைஞர் மு. கருணாநிதி அந்தக் கதையை நாவலாக்கினார். 2011இல் அது படமாகவும் வந்தது. ஆகக் கதைக்குச் சாவில்லை. அத்தனை இரவும் கதையைத் தாங்கிப் பாடக்கூடியவர்கள்தான் அருகிவிட்டார்கள். நாளை இரவும் வந்து உட்காரும் ஊர் இல்லாவிட்டால் பாட்டுக்காரர் எதற்காகப் பதினெட்டு இரவுக்கான பாட்டை மனத்தில் வைத்திருக்க வேண்டும்? கதை தன் பழைய பலத்தோடு நிற்பது, போர்ச் சாவை நிகழ்த்திக் காட்டும் படுகளச் சடங்கில்தான். அங்கே கேட்க வந்தவர்களே வீரர்களாக மாண்டு விழுகிறார்கள், பிறகு எழுப்பப்படுகிறார்கள்.

பனியன் கம்பெனி ஷிப்டுக்கும் மில்லுக்கும் ஃபவுண்டரிக்கும் ஓடுகிறவர்களிடம் பதினைந்து நாள் கேட்பது நியாயமா என்று கேட்கலாம். கேள்வி சரியானது, ஆனால் அதற்கான பதிலைக் கொங்கு மக்களே வள்ளி கும்மியில் சொல்லிவிட்டார்கள். கும்மி என்றால் பெண்கள் ஆட்டம் என்பது தமிழ்நாட்டின் பொதுவான எண்ணம். முருகன் வள்ளியை மணந்த கதையைப் பாடி ஆடும் இந்த ஒயில் கும்மியோ இங்கே ஆண்கள் கையில் இருந்தது. வழக்கத்தை மீறிப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த மேட்டுப்பாளையம் பகுதியின் மூத்த ஆசிரியர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இன்று பள்ளிப் பிள்ளைகள், வீட்டுப் பெண்கள், கம்பெனி வேலைக்காரர்கள் எல்லாரும் வேலை முடிந்த மாலைகளில் கோயில் வாசலில் கூடி வாரக்கணக்கில் பழகி, ஒருநாள் சீருடையில் அரங்கேறுகிறார்கள். நேரம் இல்லாதவர்கள் இத்தனை மாலைகளை எங்கிருந்து எடுத்தார்கள்? நோம்பியின் கட்டை இவர்கள் வேறு உருவில் திரும்பக் கட்டிக்கொண்டார்கள் என்றே நான் படிக்கிறேன்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பழைய நோம்பியில் ஆடுகிற சாதி ஒன்று, அடிக்கிற சாதி வேறொன்று. தப்பட்டைக்காரருக்குக் கிடைத்தது கூலியோடு சேர்ந்த இழிவு. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் போன்ற மேடைகள் அவருக்குப் பெயரும் கைதட்டலும் சம்பளமும் தந்தன. இதை மறுத்து ஊரின் பெருமை பேசுவது மேட்டிமைத்தனம். ஆனால் மேடை, ஆடத் தெரிந்தவரைத்தான் அழைக்கும். ஆடத் தெரியாதவரை ஆட்டக்காரர் ஆக்கும் வேலை அதனுடையதல்ல. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் போகும் பணத்தில் ஒரு பங்கு, ஊர் மந்தையில் பழகும் இடத்துக்கு ஒரு விளக்காகவும், ஆசிரியருக்கு வழிச்செலவாகவும், துடும்பு மேளத்துக்குப் புதுத் தோலாகவும் போனால் தேவலை.

சாதி அதோடு தீர்ந்துவிடவும் இல்லை. சொந்தச் சாதிக்குள்ளேயே மணப்போம் என்று கும்மி ஆடிய பெண்களை உறுதி சொல்லவைத்த காணொளி 2024இல் பரவிச் சர்ச்சையானது. சேர்ந்து செலவிட்ட நாட்கள் வேலியாகவும் முளைக்கும் என்பதை என் வாதம் மறைக்க முடியாது. ஆனால் அந்த உறுதிமொழி கும்மியின் அடியிலும் இல்லை, கதையிலும் இல்லை. வள்ளியே குறவர் குடியில் வளர்ந்தவள். அவளை மணக்க முருகன் வேடம் மாற்றிக்கொண்டு வந்தான்!

உக்கடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கோவையின் காவல் தெய்வம் கோனியம்மன் இருக்கிறாள். மாநகரம் ஆன பிறகும் மாசியில் அவளுக்குப் பூச்சாட்டு, கொடியேற்றம், அக்கினிச்சாட்டு என்று நாள் முறை தவறாமல் நடந்துதான் ராஜவீதியில் தேர் புறப்படுகிறது. ஒப்பணக்கார வீதியில் அத்தர் ஜமாத் பள்ளிவாசல் முன் முஸ்லிம்கள் பக்தர்களுக்குத் தண்ணீர் பாட்டில்களை நீட்டுகிறார்கள். வடம் இழுத்துக் காய்ந்த தொண்டையோடு வருகிறவர்கள் வாங்கிக் குடித்துவிட்டுத் தேரின் பின்னால் நடக்கிறார்கள்.