பருவம் முடிந்தும் தொடரும் பணி

சேவைவழிக் கற்றல் என்பது, பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு சமூக அமைப்புக்கு வேண்டிய வேலையைத் தம் பாடத்தின் பகுதியாகவே செய்து, அதற்கு மதிப்பெண்ணும் பெறும் முறையாகும். தன்னார்வத் தொண்டில் பாடம் இல்லை. தொழிற்பயிற்சியில் மாணவரின் திறனே முதன்மை பெறுகிறது. இங்கோ கற்பவரின் தேவையும் அமைப்பின் தேவையும் ஒருசேர நிறைவேற வேண்டும். நடைமுறையில் இந்தச் சமநிலை எளிதில் அமைவதில்லை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் வட்டாரத்தில் 67 சமூக அமைப்புகளின் பணியாளர்களிடம் கேட்டறிந்தவற்றை ராண்டி ஸ்டோக்கர், எலிசபெத் டிரையான் ஆகியோர் 2009-இல் நூலாக்கினர். சில வாரங்களே தங்கும் மாணவருக்கு வேலை கற்பிக்கச் செலவாகும் நேரம், அவரால் கிடைக்கும் பயனை விழுங்கிவிடுகிறது என்பது அதில் ஒலிக்கும் முக்கியக் குறை. பாராட்டுரைகளைவிட இத்தகைய குறைகளே இம்முறையைத் திருத்த உதவுபவை.

இண்டியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் எட்வர்டு காயில், லியா ஜேமிசன் ஆகிய பேராசிரியர்கள் 1995-இல் தொடங்கிய 'எபிக்ஸ்' என்னும் பொறியியல் பாடத்திட்டம், இச்சிக்கலைக் குழுவின் அமைப்பிலேயே தீர்க்க முற்பட்டது. முதலாண்டு முதல் இறுதியாண்டு வரையுள்ள மாணவர்கள் ஒரே குழுவில் இருப்பதால், மூத்தவர்கள் பட்டம் பெற்றுச் சென்றாலும் இளையவர்கள் பணியைத் தொடர்கின்றனர். பொறியாளரை அமர்த்த வசதியற்ற சிறு அமைப்பும், ஒரு பருவத்துக்குள் அடங்காத திட்டத்தைத் துணிந்து ஒப்படைக்க முடிகிறது.

அப்பகுதியில் வீடற்றோருக்கு உதவும் அமைப்புகளுக்காக இத்திட்ட மாணவர்கள் உருவாக்கிய தரவுத்தளம் இதற்குத் தக்க சான்று. ஒரே மனிதர் ஓரிடத்தில் உணவும் வேறிடத்தில் படுக்கையும் பெறும்போது, தனித்தனிப் பதிவேடுகளில் அவர் இருவராகிவிடுவார். பெயர்களை வெளிப்படையாகப் பகிர்ந்தாலோ அவரது அந்தரங்கம் குலையும். அந்தரங்கத்தைக் காத்துக்கொண்டே அமைப்புகள் தம் பணிகளை ஒருங்கிணைக்கவும், வீடற்றோரின் எண்ணிக்கையைப் பிழையின்றிக் கணிக்கவும் அத்தரவுத்தளம் வகைசெய்தது. மானியம் கோரும் எந்த அமைப்புக்கும் நம்பத்தகுந்த கணக்கு எத்தனை இன்றியமையாதது என்பதை அத்துறையினர் நன்கறிவர்.

ஆகவே, கூட்டுறவுக்கு இசையுமுன் ஓர் அமைப்பு பல்கலைக்கழகத்தின் புகழைக் காட்டிலும், ஒப்படைத்த பொருள் பழுதானால் அடுத்த பருவத்தில் அதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதையே முதலில் கேட்க வேண்டும்; எபிக்ஸ் திட்டத்தில் அப்பொறுப்பும் தொடர்ந்து வரும் மாணவர் குழுவையே சேர்கிறது.