மூளையும் தூண் சிற்பமும்: அறிவியல் சொற்பொழிவுகளைக் கற்பது பற்றி

அறிவியல் குறித்து நம் வட்டாரங்களில் இரண்டு மனோபாவங்கள் நிலவுகின்றன. பேராசிரியர் சொல்லிவிட்டால் மறுபேச்சே கிடையாது என்பது ஒன்று. ‘அதுவும் ஓர் அதிகாரச் சொல்லாடல்தானே’ என்று காது கொடுக்காமலே ஒதுக்கிவிடுவது மற்றொன்று. இரண்டுக்குமே உழைப்பு தேவையில்லை. ஒரு சொற்பொழிவைப் பிரதியாக வாசிப்பதற்குத்தான் மெனக்கெட வேண்டியிருக்கிறது.

வாய்ப்புக்கு இன்று குறைவில்லை. 2003இல் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். மூலம் பல்கலைக்கழக விரிவுரைகள் ராஜபாளையத்தில் ஒரு கைபேசிக்குள் வந்துவிடுகின்றன. அதே 2003இல் பி.பி.சி.யின் ரீத் சொற்பொழிவுகளை நிகழ்த்தியவர் வி.எஸ். ராமச்சந்திரன்; சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவில் பேராசிரியரானவர். மூளை பற்றிய அந்த ஐந்து உரைகளைத் தமிழ் எம்.ஏ. படித்த என்னைப் போன்றவர்கள் எப்படிக் கேட்பது?

முதலில், சோதனை எது, அதன்மேல் கட்டப்படும் விளக்கம் எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். கையை இழந்த பலருக்கு அந்தக் கை இன்னும் இருப்பதாகவே உணர்வு இருக்கிறது. இல்லாத கை வலிக்கவும் செய்கிறது. ராமச்சந்திரன் ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். சிலருக்கு இறுகிக் கிடந்த ‘விரல்கள்’ விரிந்தன, வலி குறைந்தது. இது சோதனை. கையிலிருந்து செய்தி வராமல் போனதும், மூளை வரைபடத்தில் பக்கத்திலிருக்கும் முகத்தின் பகுதி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது விளக்கம். 2013இல் டாமர் மேக்கின் குழுவினர் வேறுவிதமாகக் கண்டார்கள்: இழந்த கைக்குரிய பகுதி மூளையில் அப்படியே தங்கியிருக்கிறது, வலி அதிகமுள்ளவர்களிடம் அது கூடுதலாகத் தங்கியிருக்கிறது. விளக்கம் ஆட்டம் கண்டாலும் இல்லாத கையின் வலி பொய்யாகிவிடவில்லை.

நூற்பாலைகளும் விசைத்தறிகளும் நிறைந்த ஊர் எங்களுடையது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்வது காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. இயந்திரத்தில் விரலைக் கொடுத்த ஒருவர் ‘இல்லாத விரல் அரிக்குது’ என்று சொன்னால், அதைப் பிரமை என்று தள்ளிவிடாமலிருக்க இந்த அறிவு உதவும். நஷ்டஈடு கேட்டு நிற்கும் தொழிற்சங்கத் தோழருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அறிவியலைச் சொல்லாடல் என்று ஒதுக்கும்போது நாம் இழப்பது இதைத்தான்.

அடுத்து, உரையை உரையாளர் நினைத்துப் பார்த்திராத இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கலை பற்றிய உரையில் ராமச்சந்திரன் டின்பெர்கனின் கடற்புறாக் குஞ்சுகளைச் சொல்கிறார். தாயின் அலகிலுள்ள சிவப்புப் புள்ளியைக் கொத்தி இரை கேட்கும் குஞ்சு, மூன்று சிவப்புக் கோடுகள் போட்ட குச்சியைக் கண்டால் இன்னும் ஆவேசமாகக் கொத்துகிறது. மிகையே மூளையைக் கிளர்த்துகிறது. சோழர் காலப் பார்வதி செப்புத் திருமேனியின் ஒடுங்கிய இடையும் பெருத்த மார்பும் இப்படித்தான் வேலை செய்கின்றன என்கிறார் அவர்.

இந்த வாதத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் நாயக்கர் காலத் தூண்களுக்கு முன்னால் வைத்துப் பார்ப்போம். மிகை அங்கே தாராளமாக இருக்கிறது. வாதம் ஓரளவு பொருந்தவும் செய்கிறது. ஆனால் பார்க்கிற ‘மூளை’ யாருடையது? பெண்ணுடலின் மிகையில் கிளர்ச்சியுறுவதாகச் சொல்லப்படும் மூளை ஆணின் மூளைதானே! 1939இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வருவதற்கு முன்னால், மதுரை மீனாட்சி கோயில் போன்ற பெருங்கோயில்களுக்குள் தலித்துகளும் நாடார்களும் நுழைய முடியாது. சிற்பத்தின் எதிரில் நிற்கவே விடப்படாதவரின் மூளைக்குக் கலையின் பொதுவிதி என்னவாக இருக்கும்? குஞ்சுக்கும் குச்சிக்கும் நடுவில் யாரும் வாசற்கதவு போடவில்லை. நரம்பியல் தப்பு என்று நான் சொல்லவரவில்லை. நரம்பில் ஆரம்பிக்கிற வாக்கியம் கோயில் வாசலில் வந்து முடியாமல் நின்றுவிடுகிறது. மிச்சத்தை எழுத வேண்டியவர்கள் நாம்.

கடைசியாக மொழி. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860களிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். அதற்கான நூல்களையும் தமிழாக்கினார். கலைச்சொல் இல்லை என்ற சாக்கு அப்போதே செல்லுபடியாகவில்லை. ஒரு விரிவுரையைக் கேட்டு முடித்ததும், அதை விரல் இழந்தவரிடம் கால்மணி நேரம் தமிழில் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் நமக்கு நாக்குத் தடுமாறுகிறதோ அந்த இடம் நமக்கு விளங்கவில்லை. எந்த இடத்தில் அவர் ‘அப்படி இல்லையே’ என்று குறுக்கிடுகிறாரோ அங்கே விரிவுரையிலேயே ஏதோ விடுபட்டிருக்கலாம். இந்த இரண்டு இடங்களையும் குறித்துக்கொண்டு அதே உரையை மறுபடி கேட்க வேண்டும்.