கரிசலாங்கண்ணியை அறிவோம்

விலை கொடுத்து வாங்கும் பொருளுக்குள்ள மதிப்பு, காலடியில் முளைக்கும் பொருளுக்கு இருப்பதில்லை. கரிசலாங்கண்ணியே இதற்குத் தக்க சான்று. கூந்தல் தைலச் சீசாவின்மேல் அதன் பெயரைக் கண்டு வாங்குகிறோம்; கங்காதர நெல்லூர்ப் பக்கத்து ஏரிக்கரையிலும் கழனி வரப்பிலும் அதே செடியை மிதித்து நடக்கிறோம்.

சாமந்தி, சூரியகாந்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது இச்செடி. இக்குடும்பத்தில் நாம் ஒரு பூவென்று எண்ணுவது உண்மையில் பல சிறு பூக்களின் கூட்டமாகும். இதன் வெண்ணிறப் பூவை உற்று நோக்கினால், விளிம்பில் நுண்ணிய இதழ்ப் பூக்களும் நடுவில் குழல் பூக்களும் நெருங்கி நிற்பது புலப்படும். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-இல் இதனைத் தம் தாவர நூலில் சேர்த்தார். நம்மவர் கரிசாலை, கையாந்தகரை என்றும் இதனை வழங்குவர். இலையைக் கசக்கினால் சாறு சிறிது நேரத்தில் கறுத்துவிடும். கரிசாலை என்னும் பெயர் அதற்குப் பொருத்தமே.

தெலுங்கு பேசும் அண்டை வீட்டார் இதனைக் 'குண்டகலகராகு' என்பர். 'குண்ட' என்றால் குட்டை, பள்ளம். தமிழ்ப் பெயர் நிறத்தைச் சொல்ல, தெலுங்குப் பெயர் இடத்தைச் சொல்கிறது. நம் குழந்தைகளோ இரண்டு பெயரையும் அறியாமல் வளர்கின்றனர். பெயர் மறந்தால் பயனும் மறந்துபோகும் என்பதில் ஐயமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மஞ்சள் பூப் பூக்கும் மற்றொரு கரிசலாங்கண்ணியும் நம் நாட்டில் உண்டு. அதன் இலை ஒடுங்கி நீண்டிருக்கும். ஆனால் அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து அழகுக்காகக் கொணரப்பட்டுப் பூங்காக்களில் படர்ந்து கிடக்கும் வேறொரு மஞ்சள் பூக்கொடியைப் பலர் அதுவென்று எண்ணிப் பறித்துச் சமைக்கின்றனர். அதன் இலை அகன்று, பளபளத்து, பெரும்பாலும் மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். ஆகவே, நன்கு அறிந்தவர் காட்டிய பின்னரே பறித்தல் நலம்.

வீட்டில் வளர்ப்பது எளிது. சாமந்திக் குடும்பத்தின் பல விதைகளுக்குக் காற்றில் பறக்க மயிர்க்குஞ்சம் உண்டு. கரிசலாங்கண்ணி விதைக்கு அது இல்லை. தாய்ச் செடியருகே உதிர்ந்து, நீரோட்டத்தில் பரவும். ஆதலின், பூக்கொத்து முற்றிக் கறுக்கும்போதே விதையைச் சேகரித்துவிட வேண்டும். தொட்டியில் மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பி, நீர் தெளித்து, மேலாக விதையைத் தூவுக. முளைப்பதற்கு வெளிச்சம் தேவை. எனவே மண்ணைக் கனமாக மூடலாகாது. விதை கிட்டாவிடில், வேர் விட்ட கணுவோடு ஒரு தண்டைக் கிள்ளி நடலாம். மண் என்றும் ஈரமாயிருக்க வேண்டும். அரிசி களைந்த நீரே போதும். வாடகை வீட்டுத் திண்ணையோரத்திலும் இரண்டு தொட்டிகளுக்கு இடம் கிடைக்காமற் போகாது. பூக்கத் தொடங்கியதும் அடியில் சில கணுக்களை விட்டு அறுத்தால் மீண்டும் தழைக்கும். சாக்கடையோரத்துச் செடியையும், பூச்சிமருந்து தெளித்த வயற்செடியையும் பறித்து உண்ணலாகாது.

இலையைப் பாசிப்பருப்பும் பூண்டும் சேர்த்துக் கடைந்து உண்ணலாம். இதன் சாற்றைத் தேங்காயெண்ணெயில் நீர் வற்றும்வரை காய்ச்சி, வடித்துத் தலைக்குத் தடவுவது வழக்கம். 1867-இல் வடலூரில் தருமச்சாலை நிறுவிய இராமலிங்க அடிகள் இக்கீரையைச் சிறப்பித்துப் போற்றினார். மஞ்சள் காமாலைக்கு இதனை மருந்தாகக் கொடுப்பாருமுண்டு. எனினும் காமாலைக்குக் காரணங்கள் பல. சில உயிருக்கே ஆபத்தானவை. கீரையை நம்பி மருத்துவரிடம் செல்லத் தாமதித்தல் கூடாது.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நாம், சொந்த நிலத்தை உடன் கொண்டுவர இயலவில்லை. ஆயினும் ஊர் வரப்பில் கண்ட செடி இங்கும் முளைத்துக் காத்திருக்கிறது. வரும் மழைக்காலத்தில் வீட்டுக்கொரு தொட்டி வைப்போமாக. குழந்தைகள் கையால் விதை தூவச் செய்து, இரு மொழிப் பெயரையும் சொல்லிக் கொடுப்போமாக.